நடுவில் வெளிச்சம், ஓரத்தில் மங்கல்: பல்பு கோளாறா?

பெரிய திரையில் 2டி படம் பார்த்தபோது நடுப்பகுதி பளிச்சென்றும் ஓரங்கள் மங்கலாகவும் இருந்தன, பல்பு போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முதலில் திரைமேல்தான் சந்தேகம்.

அந்த அரங்கில் 3டியும் போடுவார்கள் என்றால் அது அநேகமாக சில்வர் ஸ்க்ரீன். போலரைஸ்டு ஒளி (3டியில் இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு படம் போவதற்காக, அதிரும் விதத்தால் பிரித்த ஒளி) கலையாமல் திரும்ப வேண்டும் என்பதற்காக உலோகப் பூச்சு பூசிய திரை. (வெள்ளித்திரை என்ற பேரே இப்படிப்பட்ட பூச்சிலிருந்து வந்ததுதான்.) வெள்ளைத் திரை ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், இது ஓரளவு கண்ணாடி போல ஒரே திசையில் திருப்பும். அதனால்தான் நடுவில் ஒளித்திட்டு.

அடுத்த முறை பனியோ வானமோ வரும் காட்சியில் தலையை இருக்கை நுனிவரை சாய்த்துப் பாருங்கள், முடிந்தால் நாலு இருக்கை தள்ளி உட்காருங்கள். திட்டு உங்களோடு நகர்ந்தால் திரைதான் காரணம். அசையாமல் நின்றால் அநேகமாக ப்ரொஜெக்டர் விளக்கின் அலைன்மென்ட் சரியில்லை. மேலாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள். 2டிக்குத் திரை நடுவில் 48 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) இருக்க வேண்டும் என்பது தரம், அவர்களால் மீட்டர் வைத்து அளந்துவிட முடியும்.

படம் முழுக்கவே மங்கல் என்றால், 3டி ஃபில்டரை லென்ஸ் முன்னாலிருந்து எடுக்க மறந்திருக்கலாம். சில்வர் ஸ்க்ரீன்தான் என்று தெரிந்தால் நடு வரிசையில், கொஞ்சம் பின்னால் டிக்கெட் எடுங்கள்.