டைட்ரேஷன் ரீடிங் ஒத்தே வரமாட்டேங்குது, என்ன பண்றது?

கேள்வி: நான் பி.எஸ்சி கெமிஸ்ட்ரி ஃபர்ஸ்ட் இயர். ஸ்கூல்ல பிராக்டிகல் ரெண்டு மூணு தடவைதான் நடந்துச்சு. இப்ப ஆக்சாலிக் ஆசிட் – பெர்மாங்கனேட் டைட்ரேஷன்ல (ஃபிளாஸ்க்ல இருக்கற ஆசிட்ல நிறம் நிக்கற வரைக்கும் பியூரெட்ங்கற அளவுக் குழாய்லேருந்து பெர்மாங்கனேட்டை விட்டு, எவ்வளவு செலவாச்சுன்னு பாக்கறது) எனக்கு 18.4, 19.1, 17.7 மில்லின்னு ரீடிங் வருது. கை நடுங்கி எண்ட் பாயிண்ட்டை, அதாவது நிறம் வந்து நிறுத்தவேண்டிய இடத்தை, தாண்டிடறேன். போன வாரம் பிப்பெட்ல (குறிப்பிட்ட அளவு திரவத்தை எடுக்கற கண்ணாடிக் குழாய்) உறிஞ்சும்போது ஆசிட் வாய்க்குள்ளயே வந்துடுச்சு. பக்கத்துல இருக்கற பொண்ணோட ரீடிங்கை பாத்து எழுதிடலாமான்னு தோணுது.
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த வாய் விஷயம். ஆக்சாலிக் ஆசிட் விஷம்மா. இனிமே எதையும் வாயால உறிஞ்சாத, சீனியர்ஸ் எல்லாம் அப்படித்தான் பண்றாங்கன்னு சொன்னாலும் சரி. பிப்பெட் மேல மாட்டி உறிஞ்சற ரப்பர் பல்ப் கேளு, இல்லைன்னா நாலு பேரா சேர்ந்து போய் மேடம்கிட்ட கேளுங்க. அப்படியும் எப்பவாவது வாய்ல பட்டுட்டா உடனே துப்பிட்டு நிறைய தண்ணியில கொப்பளிச்சிட்டு, வெக்கப்படாம ஸ்டாஃப்கிட்ட சொல்லிடு.

இப்ப உன் ரீடிங்குக்கு வர்றேன். நீ எல்லாத்துக்கும் கை நடுக்கத்தை காரணம் சொல்ற, ஆனா யோசிச்சு பாரு, எண்ட் பாயிண்ட்டை தாண்டினா ரீடிங் கூடத்தான் செய்யும், குறையவே குறையாது. அப்போ 19.1க்கு அது காரணமா இருக்கலாம், 17.7 எங்கேருந்து வந்துச்சு? நான் லேப்ல பசங்க பக்கத்துல நின்னு பாத்த வரைக்கும் பாதி தப்பு டைட்ரேஷன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நடந்துடும். பியூரெட்ல சொல்யூஷன் ஊத்தின ஃபனலை எடுக்காம அப்படியே விட்டுடுவாங்க, இனிஷியல் ரீடிங் எழுதினதுக்கப்புறம் அதுலேருந்து ரெண்டு சொட்டு உள்ள விழும், ரீடிங் குறைஞ்சிடும். பிப்பெட்டை தண்ணியில கழுவிட்டு ஆக்சாலிக் ஆசிட்ல ஒரு தடவை அலசாம எடுத்தா உள்ள நிக்கற தண்ணி கலந்து அதுவும் குறையும். பியூரெட் நுனியில காத்துக்குமிழி நின்னு அது நடுவுல வெளிய போச்சுன்னா ரீடிங் கூடும். பியூரெட், பிப்பெட் ரெண்டையும் அதுல எடுக்கப்போற சொல்யூஷனாலயே அலசணும், கோனிக்கல் ஃபிளாஸ்க்கை மட்டும் டிஸ்டில்டு வாட்டரோட நிறுத்திக்கணும், அதையும் ஆசிட்ல அலசிட்டா கணக்குல இல்லாத ஆசிட் உள்ள தங்கிடும்.

பிப்பெட்டுக்கு வீட்லயே பழகலாம், ஜூஸ் ஸ்ட்ராவை டம்ளர் தண்ணியில முக்கி மேல ஆள்காட்டி விரலால அடைச்சு தூக்கு, விரலை லேசா உருட்டினா தண்ணி மெதுவா இறங்கும், மறுபடி அழுத்தினா நிக்கும். கட்டை விரல்ல இந்த கன்ட்ரோல் வராது, ஈரம் சொட்டற விரல்லயும் வராது. லேப்ல 20 மில்லியை ஃபிளாஸ்க்ல விடும்போது நுனியை உள் சுவத்துல தொட்டு வடியவிடு, கடைசியா நுனியில தங்கற சொட்டை ஊதித் தள்ளாத, அது உள்ள தங்கும்னு கணக்கு வச்சுத்தான் பிப்பெட்ல அளவுக் கோடே போட்டிருக்காங்க.

பெர்மாங்கனேட் அடர் ஊதாவா இருக்கறதால பியூரெட்ல திரவ மட்டத்தோட அடி வளைவு தெரியாது, மேல் விளிம்பை கண்ணுக்கு நேரா வச்சு பாரு. முதல்லயும் கடைசியிலயும் அதே விளிம்புதான். ஃபிளாஸ்க்ல நீர்த்த சல்ஃப்யூரிக் ஆசிட் தாராளமா சேரு, குறைஞ்சா பழுப்பா கலங்கிடும். 60–70 டிகிரிக்கு சூடு பண்ணிக்கோ. அப்பவும் முதல் சில சொட்டு நிறம் போக நேரமெடுக்கும், அதுதான் எண்ட் பாயிண்ட்னு நினைச்சு நிறுத்திடாத, ரியாக்ஷன்ல உருவாகற மாங்கனஸ் அயனியே அப்புறம் அதை வேகப்படுத்தும். முதல் தடவை ஒரு தோராய மதிப்பை பிடிச்சுக்கோ, அடுத்த தடவை அதுக்கு 1 மில்லி முன்னாடி வரைக்கும் வேகமா விட்டுட்டு அங்கேருந்து சொட்டு சொட்டா வா, வெள்ளை டைல் மேல வச்சு சுத்திக்கிட்டே இரு, வெளிர் ரோஸ் அரை நிமிஷம் நின்னா போதும். 1 மில்லிக்கு சுமார் 20 சொட்டு, அதனால கை நடுங்கி ஒரு சொட்டு கூட விழுந்தாலும் போறது 0.05 மில்லிதான்.

பக்கத்து பொண்ணு ரீடிங் வேண்டாம்மா. அவளும் ஃபனலை எடுக்க மறந்திருந்தா? உனக்கு வந்த மூணையும் அப்படியே எழுது, அதை பாத்துதான் மேடமால எங்க தப்புன்னு கண்டுபிடிச்சு சொல்ல முடியும். அடுத்த லேப் முடிஞ்சதும் புது ரீடிங்கை எனக்கு எழுதி அனுப்பு, ரப்பர் பல்ப் கிடைச்சுதான்னும் சொல்லு.