அந்த நாலு புரோகிராமும் ஒரே லூப்பு தான்மா

கேள்வி: அக்கா, நான் வியாசர்பாடி. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், இப்போ பிசிஏ ஃபர்ஸ்ட் இயர். இன்னும் மூணு வாரத்துல சி புரோகிராமிங் செமஸ்டர். லேப்டாப் இல்ல, ஃபோன் தான். கைடுல இருக்கற புரோகிராம் எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு இன்டர்னல் போனேன், பாலிண்ட்ரோம் (திருப்பி எழுதினாலும் அதே நம்பர் வருதான்னு பாக்கற புரோகிராம்) வரும்னு பாத்தா ஒரு நம்பரோட இலக்கத்தை எல்லாம் கூட்டுன்னு கேட்டுட்டாங்க, ஒரு வரி கூட எழுத வரல. அரியர் விழுந்துடுமோன்னு பயமா இருக்கு.

பதில்: மூணு வாரம் தாராளம்மா, பயப்படாத. ஆனா அந்த கைடை மட்டும் மூடி வெச்சிடு. உனக்கு பாலிண்ட்ரோம் தெரியும்னா அந்த கேள்விக்கும் விடை உன் கையிலயே இருந்துச்சு, அது தான் எனக்கு மனசு ஆறல.

ஒரு பேப்பர் எடு, 472னு எழுது. பத்தால மாடுலஸ் போட்டா மீதி 2, அது கடைசி இலக்கம். பத்தால வகுத்தா 47, ஏன்னா சி-ல ரெண்டு இன்டிஜரை வகுத்தா புள்ளிக்கு அப்புறம் இருக்கறத விட்டுடும், 47.2 வராது. திரும்ப அதே வேலை, 7 வரும், அப்புறம் 4 வரும், நம்பர் 0 ஆனதும் வைல் லூப், அதாவது இதே வேலையை திரும்ப திரும்ப செய்யற பகுதி, நின்னுடும். எடுத்த இலக்கத்தை கூட்டிக்கிட்டே வா, 2, 9, 13, உன்னை கேட்டது இது தான். கூட்டாம, முன்னாடி வந்த விடையை பத்தால பெருக்கி இலக்கத்தை சேத்துப்பாரு, 2, 27, 274, தலைகீழா வந்துடுச்சா? அதை முதல் நம்பரோட ஒப்பிட்டா பாலிண்ட்ரோம், ஆனா லூப் முடியறப்போ நம்பர் தான் 0 ஆயிடுச்சே, அதனால தான் ஆரம்பத்துலயே வேற வேரியபிள்ல அதை காப்பி பண்ணி வெக்கறோம், மனப்பாடம் பண்றவங்க மறக்கறது இந்த வரியை தான். மூணு இலக்க ஆம்ஸ்ட்ராங்னா, அதாவது ஒவ்வொரு இலக்கத்தோட கியூபையும் கூட்டினா அதே நம்பர் வருதான்னு பாக்கறதுன்னா, கூட்டறதுக்கு முன்னாடி கியூப், 153க்கு 27, 125, 1, கூட்டினா அதே 153.

இப்படி ஒவ்வொரு சுத்துக்கும் வேரியபிள்ல என்ன இருக்குன்னு கட்டம் போட்டு எழுதறது தான் டிரை ரன். அவுட்புட் என்ன வரும்னு பேப்பர்ல முதல்ல எழுதிட்டு அப்புறமா ஃபோன்ல ஆன்லைன் கம்பைலர்ல ஓட்டி சரி பாரு, எக்ஸாம்ல பேனா தான், செமிகோலன் விட்டா எரர் காட்ட ஹால்ல எதுவும் இருக்காது. வீட்ல உக்காந்து படிக்க இடம் இல்லன்னா கொளத்தூர்ல 2024ல திறந்த முதல்வர் படைப்பகம்னு உக்காந்து படிக்கற இடம் இருக்கு, போய் பாரு.

இங்கிலீஷை நெனச்சு கலங்காத. 1989ல வந்த ஆன்சி சி-ல, அதாவது சி-யோட ஸ்டாண்டர்டு வடிவத்துல, மொத்தமே 32 கீவேர்டு (மொழிக்குன்னே ஒதுக்கி வெச்ச வார்த்தை) தான், அதுலயும் நீ திரும்ப திரும்ப எழுதப்போறது கொஞ்சம் தான். டூ மார்க் எல்லாம் கடைசி வாரம் பாத்துக்கலாம். ஹால்ல கோட் முழுசா வரலன்னா அல்காரிதமாவது ஃப்ளோசார்ட்டாவது எழுதிட்டு வா, வெத்து பேப்பரா மட்டும் விட்டுடாத.

இன்னைக்கு ராத்திரியே 905 வெச்சு ஒரு டிரை ரன் போடு, நடுவுல 0 வர்றப்போ லூப் நிக்குதா ஓடுதா, ஏன்னு எனக்கு எழுது.