பழைய சிஎக்ஸ்500 வாங்கலாமா?

கேள்வி: 1980-ம் ஆண்டு ஹோண்டா சிஎக்ஸ்500 பைக் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நன்றாக ஓடுகிறது. எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: முதலில் இன்ஜினின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். வாட்டர் பம்புக்குக் கீழே ஒரு சிறு துளை இருக்கும். அதில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சொட்டினால், பம்பில் அது கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் போய்விட்டது என்று அர்த்தம். சீல் சின்னதுதான், ஆனால் மாற்ற இன்ஜினையே இறக்க வேண்டும். இறக்கிவிட்டால் கேம் செயின் (வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டைச் சுற்றும் சங்கிலி), அதை இறுக்கமாக வைக்கும் டென்ஷனர், மின்சாரம் உண்டாக்கும் சுருளான ஸ்டேட்டர் எல்லாவற்றையும் சேர்த்தே முடித்துவிடுங்கள். ஸ்டேட்டரின் மூன்று மஞ்சள் ஒயர்களை, சாக்கெட்டைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். ஒன்றுகூட எர்த் (வண்டியின் உலோக உடலோடு தொடர்பு) காட்டக்கூடாது. பின்சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்தை டிரைவோடு இணைக்கும் ஸ்ப்லைன் பற்களையும் பாருங்கள். கிரீஸ் வற்றி ஓடியிருந்தால் கூராகத் தேய்ந்திருக்கும்.

சேகரிப்பாளர்கள் தேடுவதில் நியாயம் உண்டு: 1978-லேயே நடுத்தர வண்டியில் வாட்டர் கூலிங், ஷாஃப்ட் டிரைவ் (செயினுக்குப் பதில் தண்டு மூலம் பின்சக்கரத்தைச் சுற்றுவது)!