ஹோட்டன் சமவெளி: உலக முடிவில் வெறும் பனிமூட்டம்தானா?

இலங்கையின் ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவில், ‘உலக முடிவு’ என்ற செங்குத்தான மலைவிளிம்பில் வெறும் பனிமூட்டத்தைத்தான் பார்த்தோம், அடுத்த முறை அம்மாவோடு போகும்போது என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அங்குள்ள வட்டப் பாதையைத் திருப்பி நடங்கள். பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு முதலில் போய், பத்தரைக்கு உலக முடிவை எட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். பிழை அங்கேதான். வெயில் ஏற ஏறக் கீழேயிருக்கும் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழும்பி, ஒன்பது பத்து மணிக்குள் விளிம்பை மூடிவிடும். கிட்டத்தட்ட 870 மீட்டர் பள்ளம் காலடியில் இருக்கும், ஆனால் கண்ணுக்கு வெள்ளைத் திரைதான்.

நுவரெலியாவில் தங்குவதென்றால் ஐந்து மணிக்கு முன்பே வேன் கிளம்பட்டும். பாதை பிரியும் இடத்தில் பலகை பார்த்து, முதலில் வரும் சிறிய விளிம்பான ‘சின்ன உலக முடிவு’ பக்கம் திரும்புங்கள். அங்கே நின்று ஒருதரம் பாருங்கள். கீழே தெளிவாக இருந்தால் படம் எடுக்க மினக்கெடாமல் நடையைக் கட்டுங்கள், பெரிய உலக முடிவு இன்னும் கொஞ்சத் தூரம்தான். நீர்வீழ்ச்சிக்கு அவசரமில்லை. அது மூடுபனியிலும் அழகு, எனக்கு அப்போதுதான் பிடிக்கும். புல்வெளியில் மரை மேய்வதையும் ஆறுதலாகப் பார்க்கலாம்.

அம்மாவும் வருவதால் ஒன்று: முழுச் சுற்று ஒன்பது கிலோமீட்டருக்கு மேல். நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் இடம் செங்குத்து, ஈரத்தில் வழுக்கும். முழங்கால் வலி இருந்தால் உலக முடிவோடு வந்த வழியே திரும்புவது நல்லது.

அப்புறம், சாப்பாட்டை லஞ்ச் ஷீட்டில் கட்டாதீர்கள், பூங்கா வாசலில் பொலித்தீனை வாங்கிவிடுவார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் கொஞ்சம் தெளிவு. ஆனாலும் மலை, உத்தரவாதம் கிடையாது.