எஃப்ஐபி பூனையைக் காப்பாற்றலாம், ஆனால் முன்பணம் கட்டாதீர்கள்

கேள்வி: எங்கள் காப்பகத்தில் தெருவிலிருந்து மீட்ட பத்து மாத ஆண் பூனைக்கு இரண்டு வாரமாகக் காய்ச்சல். ஆன்டிபயாடிக் கேட்கவில்லை. வயிறு உப்பி, முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. எடை 2.4 கிலோ. எஃப்ஐபி (பூனைகளுக்கு வரும் கொடிய வைரஸ் நோய்), பிழைக்காது, கருணைக்கொலை செய்துவிடலாம் என்கிறார் டாக்டர். வாட்ஸ்அப்பில் ஒருவர், முன்பணம் கட்டினால் பத்தே குப்பியில் குணமாகும், கேரண்டி என்கிறார். இங்கே இன்னும் முப்பது பூனைகள் இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: கருணைக்கொலை இப்போது வேண்டாம். முன்பணமும் வேண்டாம்.

எஃப்ஐபி வந்தால் சாவுதான் என்பது சில ஆண்டுகளுக்கு முன்வரை சரி. 2019-இல் அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், நீல்ஸ் பெடர்சன் குழுவினர் 31 பூனைகளுக்கு ஜிஎஸ்-441524 என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்துப் பெரும்பாலானவற்றைப் பிழைக்க வைத்த பிறகு அந்தப் பேச்சு மாறிவிட்டது. உங்கள் டாக்டர் சொன்னது பழைய பாடம்.

முதலில் இது எஃப்ஐபிதானா என்று பார்க்க வேண்டும். வயிற்று நீரில் 2 மி.லி. ஊசியால் எடுக்கச் சொல்லுங்கள். வைக்கோல் மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. 8 மி.லி. டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு அடர் அசிட்டிக் அமிலம் கலந்து, அதன்மேல் இந்த நீரை ஒரு சொட்டு விடுவது ரிவால்டா சோதனை. சொட்டு கரைந்து மறைந்தால் பெரும்பாலும் எஃப்ஐபி இல்லை. ஜெல்லிபோல உருக்குலையாமல் நின்றால் இருக்கலாம். வயிற்றில் சீழ் வைத்தாலும் இப்படி நிற்கும் என்பதால் அந்த நீரை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவசியம். ரத்தத்தில் ஆல்புமின், குளோபுலின் இரண்டின் விகிதம் 0.4-க்குக் கீழே போயிருந்தால் சந்தேகம் இன்னும் உறுதிப்படும். ‘எஃப்ஐபி டெஸ்ட் கிட்’ என்று பூனைக் கொரோனா வைரஸுக்கான ஆன்டிபாடி பார்க்கும் கிட்டை விற்பார்கள். அதற்குக் காசைக் கொட்டாதீர்கள். கூட்டமாக வளரும் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது பாசிட்டிவாகத்தான் வரும்.

இனி ஜிஎஸ்-441524 மருந்துக் கணக்கு. வாய்வழி மாத்திரை என்றால் கிலோவுக்கு 15 மி.கி., தினம் ஒரே நேரத்தில். 2.4 கிலோவுக்கு 36 மி.கி. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள். 2.7 கிலோ ஆனால் 40.5 மி.கி. எடை கூடக்கூட அளவும் கூடவேண்டும். எடை குறைந்தாலும் மருந்தைக் குறைக்கக் கூடாது. 84 நாள். இடையில் பூனை துள்ளி விளையாடும், அதைப் பார்த்து நிறுத்துகிறவர்கள் ஏராளம். நிறுத்தினால் நோய் திரும்பும். வயிற்றிலோ நெஞ்சிலோ நீர் கோத்தது மட்டும் உள்ள பூனைகளுக்கு 42 நாளே போதும் என்று மியூனிக்கில் 2024-இல் ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. அடிக்கடி ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்ய முடியாத காப்பகம் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

உங்களிடம் முன்பணம் கேட்பவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் குப்பிக் கணக்கில் பேசுவதே பொறி. குப்பியில் எத்தனை மி.லி., ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி.? இதற்குப் பதில் வராவிட்டால் பேச்சை முடித்துவிடுங்கள். சராசரி எடை 3 கிலோ என்று வைத்தால் 84 நாள் மாத்திரைக்கு மொத்தத் தேவை 3,780 மி.கி. 5 மி.லி. குப்பியில் மி.லி.க்கு 20 மி.கி. இருந்தாலும் பத்துக் குப்பி 1,000 மி.கி.தான். ஊசிக்கு அளவு குறைவு என்றே ஒப்புக்கொண்டாலும் பாதி வழியில் தீர்ந்துவிடும். அப்போது “இன்னும் பத்து” என்பார், விலையும் ஏறியிருக்கும். விலையை மில்லிகிராமுக்குக் கேளுங்கள், தொகுதி எண் (பேட்ச் நம்பர்) கேளுங்கள், பில் கேளுங்கள். மாத்திரை லேபிளில் உள்ள எண், உள்ளே இருக்கும் மி.கி.யா அல்லது ‘ஊசிக்குச் சமமான’ மி.கி.யா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கூடவே லிவர் டானிக், பி-12, இம்யூனிட்டி பவுடர் என்று தலையில் கட்டினால் வாங்காதீர்கள். உங்கள் பூனையின் படத்தைப் போட்டு வேறு யாரோ க்யூஆர் கோடு வைத்து நிதி திரட்டுவதும் நடக்கிறது, தெரியாதவர்களுக்குப் படத்தை அனுப்பாதீர்கள்.

இந்தத் தரகர்கள் எதனால் பிழைக்கிறார்கள்? பிரிட்டனில் 2021 முதல் கால்நடை மருத்துவர் சீட்டிலேயே இந்த மருந்து கிடைக்கிறது. அமெரிக்காவில் 2024-இல் வழி திறந்துவிட்டார்கள். இங்கே சீட்டு எழுதிப் பக்கத்துக் கடையில் வாங்க முடியாது. மாட்டுக்கும் கோழிக்கும் ஓடும் கால்நடைத் துறை, பூனை என்றால் காதில் வாங்குவதே இல்லை. ஆனாலும் ஒரு நேர்வழி உண்டு. கோவிட் காலத்தில் இந்தியாவிலேயே தயாரான ரெம்டெசிவிர் ஊசி, உடலுக்குள் போனதும் இதே ஜிஎஸ்-441524 ஆக மாறும். மால்னுபிராவிர் மாத்திரையும் பயன்படுகிறது. 200 மி.கி. கேப்ஸ்யூலை மூன்று கிலோ பூனைக்கு நீங்களே பிரிக்க முயலாதீர்கள், டாக்டரிடம் கொடுத்துப் பிரித்து வாங்குங்கள். கர்ப்பிணிகள் அந்தத் தூளைத் தொடவே கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கவனம் வேண்டும்: கண்ணும் நரம்பும். பின்னங்கால் தள்ளாடுகிறதா, தாவும்போது தவறி விழுகிறதா, தலை நடுங்குகிறதா, ஒரு கண்மணி பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கிறதா, கருவிழி கலங்கி நிறம் மாறியிருக்கிறதா என்று தினமும் பாருங்கள். டார்ச் அடித்து இரண்டு கண்ணையும் போனில் படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். மூளைக்குள் மருந்து குறைவாகத்தான் போய்ச் சேரும். அதனால் நரம்பு அறிகுறி இருந்தால் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் காலை ஒன்று, மாலை ஒன்று, ஆக நாளுக்குக் கிலோவுக்கு 20 மி.கி. உங்கள் பூனைக்கு நாளுக்கு 36 மி.கி.க்குப் பதில் 48. வயிறு வற்றிவிட்டது, ஆனால் நடை சரியில்லை என்றால் அது குணமல்ல, அளவு போதவில்லை. சிகிச்சை முடிந்த பிறகு திரும்பும் நோயும் பல சமயம் நரம்பு வழியாகவே தலைகாட்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் ஒரு துளிகூட வேண்டாம், அது பூனையைக் கொன்றுவிடும். வயிற்று நீரை முழுவதும் இறைக்கச் சொல்லாதீர்கள். நெஞ்சில் நீர் கோத்து மூச்சு வாங்கினால் மட்டும் உடனே எடுக்க வேண்டும். சரியான மருந்து என்றால் மூன்று நாளுக்குள் காய்ச்சல் விடும், இரண்டு வாரத்தில் வயிறு வற்றும். ஐந்தாம் நாளும் அப்படியே கிடந்தால் மருந்தையோ நோய் கண்டறிதலையோ சந்தேகியுங்கள்.

சாப்பாடு: இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படியும். பால் சோறும் தயிர்ச் சோறும் உதவாது. தோல் நீக்கி வேகவைத்த கோழியை, வெங்காயம் பூண்டு சேர்க்காமல், வெந்த நீரோடு அரைத்துக் கடைவாய் ஓரமாகச் சிரிஞ்சில் 1 மி.லி. வீதம் விடுங்கள். விழுங்கிய பிறகே அடுத்தது. திணித்தால் நுரையீரலுக்குள் போகும். நாளுக்கு 150 கலோரி இலக்கு. முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, மூன்றாம் நாளில் முழுதும். முடியவில்லை என்றால் மூக்குக் குழாய் போடச் சொல்லுங்கள்.

4, 8, 12-ஆம் வாரங்களில் ரத்தம் பாருங்கள். எல்லாம் சரியென்றால் நிறுத்திவிட்டு, அடுத்த 84 நாள் எடையையும் நடையையும் கவனியுங்கள்.

மற்ற முப்பதும்? மலத்தின் வழி பரவுவது சாதாரணக் குடல் கொரோனா வைரஸ், அது உங்கள் பூனைகளில் பெரும்பாலானவற்றிடம் ஏற்கனவே இருக்கும். அது ஒரு பூனையின் உடலுக்குள் உருமாறும்போதுதான் எஃப்ஐபி. நோயாளியைத் தனி அறையில் வைப்பது அதன் அமைதிக்காக. மணல் தட்டுகளை தினம் இருமுறை அள்ளுங்கள், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள், ஒரே அறையில் பத்துப் பதினைந்தை அடைக்காதீர்கள். இதனோடு கூடப் பிறந்த குட்டிகள் உங்களிடம் இருந்தால் அவற்றையும் வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதுங்கள். அந்த வம்சத்துக்கு ஆபத்து சற்றுக் கூடுதல்.