போனைக் கீழே வைக்க ஏன் முடியவில்லை? பெற்றோர் கேள்விகளுக்குக் குழந்தை வளர்ச்சி ஆலோசகரின் பதில்கள்

கேள்வி: பிள்ளையோடு விளையாட உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் கை தானாகப் போனைத் தேடுகிறது. எனக்குப் பாசம் குறைவா?

பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கட்டைகளை அடுக்கி இருபதாவது தடவை தள்ளிவிடும்போதும் உங்கள் பிள்ளைக்கு அது புதுசு. உங்களுக்கு மூன்றாவது தடவையே சலித்துவிட்டது. சின்னக் குழந்தையோடு இருப்பது பல நேரம் அலுப்பான வேலை. இதை வெளியே சொல்ல எல்லோருக்கும் கூச்சம், அவ்வளவுதான்.

அந்த அலுப்பு வரும் நொடிக்காகவே காத்திருக்கிறது போன். எத்தனையாவது கொத்தலுக்குத் தானியம் விழும் என்று தெரியாவிட்டால் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-இல் எழுதினார்கள். நமக்கும் பத்து தடவை திறந்தால் ஒன்றும் இருக்காது, பதினோராவது தடவை நல்ல சேதி ஒன்று இருக்கும். போதாக்குறைக்கு, முடிவே இல்லாமல் உருண்டுகொண்டே போகும் பக்கத்தை 2006-இல் ஏஸா ராஸ்கின் என்ற கணினி வடிவமைப்பாளர் உருவாக்கினார். முன்பெல்லாம் பக்கம் முடியும் இடத்தில் 'போதும்' என்று தோன்ற ஒரு வாய்ப்பு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பின்னாளில் அவரே இதற்காக வருத்தப்பட்டார்.

கேள்வி: ஆறு மாதக் குழந்தை. பால் கொடுக்கும்போது போன் பார்க்கிறேன். வீட்டில் எல்லோரும் திட்டுகிறார்கள்.

ராத்திரி மூன்று மணிக்குத் தூங்கி விழாமல் இருக்கப் போன் பார்க்கிறீர்கள் என்றால் திட்டுகிறவர்களை ஒரு ராத்திரி எழுந்து உட்காரச் சொல்லுங்கள்.

பகலில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். 1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சும்மா இருக்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், பிறகு சோர்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். போன் பார்க்கும்போது நம் முகமும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆகிவிடுகிறது. இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். தாயும் சேயும் நாள் முழுக்க இசைந்தே இருப்பதில்லை, இசைவு தப்புவதும் திரும்பக் கூடுவதும்தான் இயல்பு என்று சொன்னவரும் ட்ரோனிக்தான். குழந்தை நிமிர்ந்து பார்க்கும்போது நீங்களும் பார்த்துவிடுங்கள், போதும்.

கேள்வி: ஒரு நிமிடப் போன் அழைப்பு என்ன பெரிதாகக் கெடுத்துவிடும்?

ஒரு சொல்லைக் கெடுக்கும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் தாய்மார்கள் தங்கள் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு புதுச் சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒன்றின் நடுவே மட்டும் போன் அழைப்பு. இடையூறு இல்லாமல் கேட்ட சொல்லைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள், அழைப்பு வந்த சொல் ஏறவில்லை. ஒரு சொல் போனால் குடி முழுகாது. நாளுக்கு எத்தனை தடவை என்பதுதான் கேள்வி.

கேள்வி: ஆபீஸ் மெசேஜ் மாலையிலும் வருகிறது. பார்க்காமல் எப்படி இருப்பது?

பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருப்பதுதான் மோசம். முடிக்காத வேலையிலேயே மனசின் ஒரு பகுதி தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் விளக்கியிருக்கிறார். "பத்து நிமிஷம், வேலை" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய் முடித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: என் நாலு வயது மகன் போனைப் பிடுங்கி வீசினான். அடித்துவிட்டேன். இப்போது மனசு ஆறவில்லை.

அடித்தது தவறு, அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். நாலு வயதுக்கு அது புரியும்.

இது ஒரு சுழல். பிள்ளை படுத்துகிறான், நமக்கு அலுத்துப்போகிறது, போனுக்குள் ஒளிகிறோம், நம்மை வெளியே இழுக்க அவன் இன்னும் படுத்துகிறான். மெக்டேனியல், ராடெஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்விலும் இந்த இருவழிப் போக்கு தெரிகிறது. "ஐயோ, நான் நல்ல அப்பா இல்லையே" என்ற குற்ற உணர்ச்சியும் இந்தச் சுழலில் சேர்த்திதான். அதை மறக்கவும் நாம் போனைத்தானே எடுக்கிறோம்?

கேள்வி: என் அப்பா காலையெல்லாம் செய்தித்தாளில் மூழ்கிக் கிடப்பார். அப்போது யாரும் குறை சொல்லவில்லையே?

இன்றைக்கு வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அந்தக் காலத்துப் பெற்றோர் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பது கட்டுக்கதை. ஆனால் செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. அப்புறம், அப்பா என்ன செய்கிறார் என்பது பிள்ளைக்குத் தெரியும். வேண்டுமானால் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்கலாம்.

போனில் பில் கட்டினாலும், நண்பரின் சாவுச் செய்தியைப் படித்தாலும், யாரோ ஆடுவதைப் பார்த்தாலும் வெளியிலிருந்து பார்க்கிற பிள்ளைக்கு எல்லாம் ஒன்றுதான்: குனிந்த தலை. அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது, என்ன செய்கிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். "டிக்கெட் போடுகிறேன்", "பாட்டிக்குப் பதில் எழுதுகிறேன்." இதில் இன்னொரு லாபமும் உண்டு. "முகம் தெரியாத ஒருவர் வீட்டு அலமாரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று மகளிடம் சொல்ல வாய் வராது. நீங்களே வைத்துவிடுவீர்கள்.

கேள்வி: நேரத்தைக் கட்டுப்படுத்தும் செயலி உதவுமா?

சிலருக்கு உதவும். என்னைக் கேட்டால் தூரம்தான் நல்ல மருந்து. சட்டைப்பையில் வேண்டாம், அடுத்த அறையில் வையுங்கள், மணியோசையை மட்டும் விட்டுவையுங்கள். ஒரு கைக்கடிகாரமும் கட்டிக்கொள்ளுங்கள். மணி பார்க்க எடுத்த போன் எப்போது கீழே வந்திருக்கிறது?

கேள்வி: "நீங்க மட்டும் பார்க்கலாமா?" என்கிறாள் பத்து வயது மகள். என்ன சொல்ல?

"நியாயம்தான்" என்று சொல்லுங்கள். விதி இருவருக்கும் பொது என்று வைத்து, உங்களைப் பிடிக்கும் உரிமையை அவளுக்கே கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பதவி சின்னவனிடம் இருக்கிறது. போன வாரம் குளியலறைக் கதவைத் தட்டி, "அம்மா, தண்ணி சத்தமே கேக்கலையே?" என்றான்.