மறுமொழி: உப்புவெளி அக்காவின் மேல்முதுகு இறுக்கம்

அக்கா, நாள் முழுக்கத் தையல் மெசினில் இருந்தால் பின்னேரம் தோள்பட்டைகளுக்கு நடுவில் எரியுது என்று எழுதியிருந்தீர்கள். எரியும் இடத்தை மட்டும் தேய்த்தால் போதாது. குனிந்தே இருக்கும்போது நெஞ்சுத் தசை இறுக, பின்தசை இழுபட்டபடியே களைத்துப் போகிறது.

துவாயைச் சுடுதண்ணியில் நனைத்துப் பிழிந்து, ஆற ஆற மாற்றி 15 நிமிடம் போடுங்கள். பிறகு கதவு நிலையில் இரு முன்கைகளையும் ஊன்றி, ஒரு காலை முன்வைத்து, நெஞ்சு இழுபடும்வரை சாயுங்கள்: 30 விநாடி, 3 தரம். தோள் காதுப்பக்கம் ஏறினால் கழுத்துத்தான் பிடிக்கும். அடுத்து டெனிஸ் பந்தைச் சுவரில் வைத்துச் சாய்ந்து, முதுகெலும்புக்கும் தோள்பட்டைக்கும் இடையில் மெல்ல உருட்டுங்கள், பக்கத்துக்கு 1 நிமிடம். எலும்பின்மேல் வேண்டாம். தரையில் படுத்துச் செய்தால் அழுத்தம் கூடி மறுநாள் நோ அதிகரிக்கலாம்.

பலர் குனிவது வெளிச்சம் போதாமல்தான். ஊசிக்கு மேலே ஒரு பல்பு போடுங்கள். அரை மணிக்கொருக்கால் எழும்புங்கள்.

நெஞ்சுநோ, மூச்சுமுட்டு வந்தால் உடனே பெரியாஸ்பத்திரி. கை விறைத்தாலும், காய்ச்சலோடு முதுகு நொந்தாலும் டொக்டரிடம் காட்டாமல் இதைச் செய்யாதீர்கள்.